பச்சைக் கட்டத்தில் காணாமல் போன கார்

அத்தியாயம் 4

பகவதிப்பெருமாள் அன்றைக்குச் செய்த ஒரே தப்பு, தன் ஸ்கூட்டரில் ஹார்ன் அடிக்கவில்லை என்பதை மெக்கானிக் காதில் விழும்படி சொன்னதுதான்.

கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் பத்மா மோட்டார்ஸ் வாசலில், பகல் ஒரு மணி வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு, "எளவு, ஹார்ன் போச்சு. வழி பூரா தொண்டையாலல்லா கத்திக்கிட்டு வாறேன்" என்று தனக்குத்தானே புலம்பினான். அவ்வளவுதான். காக்கிச் சட்டை போட்ட மெக்கானிக்குகள் இரண்டு பேர் எங்கிருந்தோ முளைத்தார்கள். ஒருவர் ஸ்கூட்டரைப் பிடித்துத் தள்ளினார். மற்றவர் ஒரு துண்டுச் சீட்டில் என்னவோ எழுதிக்கொண்டே பின்னால் நடந்தார். ஸ்கூட்டர் ஷெட்டுக்குள் போய் மறைந்தது.

"அண்ணாச்சி, ஹார்ன் மட்டும்தான்! கேட்டியளா? ஹார்ன் மட்டும்!"

"விடும் பெருமாளே. நமக்கு மூணு மணி நேரம்தான் இருக்கு" என்றாள் அனந்தலக்ஷ்மி.

அனந்தலக்ஷ்மிக்கு ஐம்பத்திரண்டு வயது. கரமனை அக்ரஹாரத்துக்காரி. இருபத்தைந்து வருஷம் சர்க்கார் ஆபீஸ்களில் தணிக்கை செய்து, அடுத்தவர் எழுதி வைத்த பொய்களைப் படித்தே கண்ணாடி போட்டுக்கொண்டவள். இருந்திருந்தாற்போல் வேலையை விட்டுவிட்டுத் தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடி அறையில் துப்பறியும் நிலையம் திறந்தாள். அவளுடைய ஒரே உதவியாளன் நாகர்கோவில்காரன் பகவதிப்பெருமாள். துப்பறிவது அவள், வாயடிப்பது இவன். இந்தப் பிரிவினையில் இருவருக்கும் இன்றுவரை தகராறு கிடையாது.

பத்மா மோட்டார்ஸ் முதலாளி பத்மகுமார் ஒரு கண்ணாடி அறைக்குள் இருந்தார். உள்ளே ஏ.சி. ஓடியது. அவர் முன்னால் ஒரு கம்ப்யூட்டர் திரை. அனந்தலக்ஷ்மியைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். ஆனால் கதவைத் திறக்கவில்லை. ஒரு சீட்டில் எழுதி, கண்ணாடிக்கு அடியிலிருந்த பிளவு வழியாகத் தள்ளினார்.

'வருக. கார் திருட்டுப் போய்விட்டது. திருடியவள் வெளியே மேஜையில் அழுகிறாள். நாலு மணிக்கு எஸ்.ஐ. வருகிறார். அதற்குள் கார் எங்கே என்று கண்டுபிடித்துத் தரவும்.'

"ஊமையா மாமி?" என்றான் பகவதிப்பெருமாள்.

இன்னொரு சீட்டு வந்தது. 'ஊமை இல்லை. கதவு திறந்தால் ஏ.சி. வெளியே போய்விடும்.'

அனந்தலக்ஷ்மி சீட்டை மடித்தாள். கதவைத் திறந்தாள். உள்ளே போய் நின்றாள்.

"ஐயோ, கதவு! கதவு!" என்று பத்மகுமார் பதறினார். அவர் குரல் நன்றாகவே இருந்தது.

"கம்ப்யூட்டருக்குச் சளி பிடிச்சா நான் கஷாயம் வச்சுத் தரேன். சொல்லுங்கோ."

பத்மகுமார் சொன்னார். போன வருஷம், 2001-ல், கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவருடைய அக்கா மகன், மருமகன் முறை, ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தானாம். பழைய வண்டியை முழுசாகப் பிரித்துப் புதுசாக்கும் நீண்ட ஜோலிகளுக்கு அது. வேலையை ஒன்பது கட்டமாகப் பிரித்து வைத்திருந்தான். முடியாத கட்டம் திரையில் சிவப்பாக நிற்கும், முடிந்தால் பச்சையாகும். ஒரு கட்டம் பச்சையாகாமல் அடுத்த கட்டம் திறக்கவே திறக்காது.

"முன்னே எல்லாம் இருபது வண்டிக்கு இருபது தடவை ஷெட்டுக்கு ஓடணும் மேடம். இப்பம் ஞான் இவ்விடெ இருந்தே சகலமும் காணும். ஷெட்டுப் பக்கம் போயி நாலு மாசம் ஆச்சு, கேட்டோ?" என்றார் பெருமையாக.

"காணாமப் போன வண்டி?"

"பாறசாலை தங்கபாய் டீச்சரோட வெள்ளை அம்பாசடர். பதினாலு மாசமா இங்க நிக்குது. பாருங்க, ஆறு கட்டம் பச்சை. எஞ்சின் முடிஞ்சு, டிங்கரிங் முடிஞ்சு, ஆறாவது பெயிண்ட், அதுவும் முடிஞ்சு. ஏழாவது ட்ரையல், அதுதான் சிவப்பு. எட்டும் ஒம்பதும் பூட்டு."

அன்று காலையில் தங்கபாய் டீச்சர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, வண்டியை இப்போதே கண்ணால் காண வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். பத்மகுமார் ஷெட்டுக்குச் சீட்டு அனுப்பினார்: 'வெள்ளை அம்பாசடரைக் கொண்டு வா.' மேஸ்திரி ஐயப்பனிடமிருந்து பதில் சீட்டு வந்தது: 'ஷெட்டில் வெள்ளை அம்பாசடர் எதுவும் இல்லை.' எழுதிக் கொடுத்த கையோடு ஐயப்பன், நெய்யாற்றின்கரையில் நின்றுபோன ஒரு லாரியை இழுத்துவரக் கிளம்பிவிட்டார். நாலு மணிக்குத்தான் திரும்புவார்.

"ஸ்டோர்ல போயி நோக்கச் சொன்னேன். டீச்சர் வண்டிக்குன்னு வாங்கின வெள்ளை பெயிண்ட் டின் நாலும் மூடி திறக்காம அப்படியே இருக்கு! பெயிண்டே அடிக்கல்ல. ஆனா ஆறாவது கட்டம் பச்சை. அதைப் பச்சையாக்கினது ஸ்வப்னா பாஸ்வேர்டு. கள்ளக் கணக்கு எழுதி வண்டியை ஆருக்கோ வித்துட்டா. பின்னே என்ன தெளிவு வேணும்?"

பகவதிப்பெருமாள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். ஸ்வப்னாவுக்கு இருபத்தாறு வயது இருக்கும். கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மடியில் ஒரு பழுப்புக் கவர். எதிர் பெஞ்சில் தங்கபாய் டீச்சர், கையில் குடையும் முகத்தில் கடுகடுப்புமாக உட்கார்ந்திருந்தாள்.

இருவரும் வெளியே வந்ததும் ஸ்வப்னா எழுந்தாள்.

"மேடம், ஞான் ஒண்ணும் செஞ்சிட்டில்ல. சார்தான் சீட்டுத் தந்தது. 'ஆறாவது சிவப்பா நிக்குது, பார்க்க நல்லால்ல, பச்சையாக்கு'ன்னு. பெயிண்ட் அடிச்சு முடிஞ்சுதுன்னு நினைச்சு ஆக்கினேன்."

"அந்தச் சீட்டு எங்கே?"

"படிச்சதும் சாருக்கே திருப்பிக் கொடுக்கணும். சார் ரூல் அது."

கண்ணாடிப் பிளவிலிருந்து ஒரு சீட்டு நீண்டது. 'நான் அப்படி எழுதவே இல்லை.'

"நீ ஷெட்டுல போயி வண்டியைப் பார்த்தியோ?"

"எனக்கு ஷெட்டுக்குப் போக அனுவாதம் இல்ல மேடம். கால்ல ஆயில் ஒட்டிட்டு வந்தா கம்ப்யூட்டர் கெட்டுப் போகுமாம். எனக்கு எல்லா வண்டியும் நம்பர் மட்டும்தான்." அவள் கவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். "பி.எஸ்.சி. அட்வைஸ் மெமோ, மேடம். சர்க்கார் வேலை, எல்.டி. கிளார்க். பரீட்சை எழுதி நாலு வருஷம் ரேங்க் லிஸ்ட்ல கிடந்து, போன வாரம்தான் வந்துது. இனி போலீஸ் வெரிஃபிகேஷன். இண்ணைக்கு என் பேர்ல கேஸ் எழுதினா எல்லாம் போச்சு."

பகவதிப்பெருமாள் அந்தக் கவரையே பார்த்தான். அவன் தங்கச்சியும் இப்படித்தான் ஒரு லிஸ்டில் கிடந்தாள். முறை வருவதற்குள் லிஸ்டே காலாவதியாகிவிட்டது. அதற்கப்புறம் அவள் ஒரு வருஷம் சரியாகச் சிரிக்கவில்லை. இந்தப் பெண்ணைக் காப்பாற்றாவிட்டால் நாகர்கோவிலுக்கு எந்த முகத்தோடு போவது என்று தோன்றியது.

அனந்தலக்ஷ்மி வண்டியின் ஜாப் கார்டை வாங்கினாள். முதல் வரியைப் படித்தாள். அவள் உதடு ஓரமாகத் துடித்தது. கார்டை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ட்ரையல் கட்டம் எப்படியாக்கும் ஆரம்பிக்கறது?"

"ஐயப்பண்ணன் வண்டியைப் பழவங்காடிக்குக் கொண்டுபோயி கணபதிக்குத் தேங்காய் உடைச்சிட்டு 'தேங்காய் ஆச்சு'ன்னு சீட்டு அனுப்பும். தேங்காய் உடைக்காம எந்த வண்டியையும் ட்ரையலுக்கு எடுக்காது. இந்த வண்டிக்கும் நாலு மாசம் முன்னே சீட்டு வந்துது. மீட்டர்ல ஐந்நூறு கிலோமீட்டர் ஏறினா ஏழாவது முடியும். ஆனா வாராவாரம் 'மீட்டர் பூஜ்யம்'னுதான் சீட்டு வருது."

"அப்போ நாலு மாசம் முன்னாடி வண்டி பழவங்காடி வரைக்கும் போயிருக்கு. கெளம்பும் பெருமாளே."

"எதுல மாமி?"

நியாயமான கேள்வி. ஷெட்டு வாசலில் அவனுடைய ஸ்கூட்டர் நின்றது. நின்றது என்பது மரியாதைக்குச் சொல்வது. முன்சக்கரம் ஒரு பக்கம், பின்சக்கரம் ஒரு பக்கம், எஞ்சின் ஒரு சாக்கின் மேல்.

"ஹார்ன்னு சொன்னேனே ஐயா!"

"ஹார்ன் எட்டாவது கட்டத்துல வரும் சார்" என்றார் மெக்கானிக் பணிவோடு. "ரெண்டாவது கட்டம் கழட்டல். கழட்டாம மேல போக கம்ப்யூட்டர் சம்மதிக்காது."

அதற்குள் பத்மகுமாரின் சீட்டு கைமாறி வந்து சேர்ந்தது. 'நம்ம ஒர்க்‌ஷாப் வண்டியை எடுத்துக்கொள்ளவும். சாவி அதிலேயே இருக்கும்.'

ஒர்க்‌ஷாப் வண்டி என்பது ஓர் அம்பாசடர். உடம்பு முழுக்க பிரைமர் பூசி, சாம்பல் நிறத்தில் திருநீறு பூசின பண்டாரம்போல இருந்தது. நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் 'டெஸ்ட்' என்று எழுதிய ஓர் அட்டை. பின்சீட்டின் வலது பாதியை அட்டைப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடைத்திருந்தன. எல்லாப் பெட்டிமேலும் சாக்பீஸால் '8' என்று எழுதியிருந்தது. அனந்தலக்ஷ்மி மிச்சமிருந்த இடது ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

ஸ்டியரிங்கைப் பிடித்ததும் பகவதிப்பெருமாள் அசந்துபோனான். வெளியே பண்டாரம், உள்ளே மகாராஜா! எஞ்சின் சத்தமே இல்லை. கியர் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி விழுந்தது.

"மாமி, நமக்கு இதுல ஒண்ணு வேணும். ஆனா ஒரு விசேஷம் பாத்தியளா? நாம கிள்ளிப்பாலம் தாண்டியாச்சு. மீட்டர் முள்ளு பூஜ்யத்துலயே கெடக்கு. இந்த வண்டியக் கேட்டா நாம இன்னும் கரமனையிலதான் இருக்கோம்னு சொல்லும்."

"இந்த ஜன்னலை இறக்க ஒரு கைப்பிடி கூட இல்லை, பெருமாளே. வெந்துண்டிருக்கேன்." அவள் ஜாப் கார்டால் விசிறிக்கொண்டாள். விசிறியபடியே பக்கத்துப் பெட்டி ஒன்றைத் திறந்து உள்ளே பார்த்தாள். மறுபடி மூடிவிட்டாள்.

அட்டக்குளங்கரை சந்திப்பில் டிராஃபிக் போலீஸ்காரர் கையை நீட்டி வண்டியை நிறுத்தினார். நம்பர் இல்லாத வண்டி, ஹெட்கான்ஸ்டபிள் மீசை. பகவதிப்பெருமாள் லைசென்ஸைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினான். போலீஸ்காரரோ குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"எந்தா, இண்ணு பிள்ளேரு இல்லே?"

"எனக்குக் கல்யாணமே ஆகல சார். பிள்ளை எங்க இருந்து வரும்?"

"ஐயே, அதல்ல. திவசமும் எட்டேகாலுக்கு ரெண்டு பிள்ளேருமாயி ஸ்கூலுக்குப் போற வண்டியல்லே இது? பின்சீட்டுல அந்தக் கொச்சுப் பெண்ணு எனக்கு டாட்டா காட்டும். பத்மகுமார் சாரோட பிள்ளேரு. போ, போ."

வண்டி நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தால், அனந்தலக்ஷ்மி விசிறுவதை நிறுத்தியிருந்தாள். அவள் விசிறுவதை நிறுத்தினால் யாருக்கோ கெட்ட காலம் என்று அர்த்தம். யாருக்கு என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

பழவங்காடியில் வண்டியை ஓரம் கட்டினான். அனந்தலக்ஷ்மி உள்ளிருந்தே கதவைத் தள்ளிப் பார்த்தாள். கைப்பிடியைத் திருகினாள். கதவு அசையவில்லை.

"பெருமாளே, வெளியிலேருந்து தொறந்து விடும்."

"ஏறும்போதும் நான்தான் தொறந்தேன், இறங்கும்போதும் நான்தான். மகாராணிக்கு டிரைவரா வந்திருந்தா கூட ஒரு தலைப்பாகை கெடைச்சிருக்கும்." இறங்கிப்போய்த் திறந்துவிட்டான்.

கோயில் முகப்பில் தேங்காய் உடைபடும் சத்தம் ஓயாமல் கேட்டது. வரிசையாக இருந்த தேங்காய்க் கடைகளில் மூன்றாவது, பேச்சியுடையது. அம்பாசமுத்திரத்தில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு, இருபது வருஷமாக இதே இடத்தில் உட்கார்ந்திருப்பவள். ஒரு தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்துக்கொண்டே இவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஐயப்ப மேஸ்திரியா? தெரியாம என்ன! இருபது வருசமா எங்கிட்டதான் காய் வாங்குதாரு. வேற கடைக் காய்னா அழுவிரும்னு பயம்."

"நாலு மாசம் முன்னாடி ஒரு அம்பாசடருக்குத் தேங்காய் உடைச்சாராமே?"

"வெள்ளை அம்பாசடர், அக்கா" என்று பகவதிப்பெருமாள் எடுத்துக் கொடுத்தான். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு பிள்ளையோட சர்க்கார் வேலை இதுல தொங்குது."

"வெள்ளையும் இல்ல, சொள்ளையும் இல்ல. நாலு மாசத்துக்கு முன்ன ஒரே ஒரு அம்பாசடருதான் கொண்டாந்தாரு. மொதக் காயி வெடலை விட்டாரு, ஒடையல. ரெண்டாவது காயும் உருண்டு ஓடிருச்சு. மூணாவதுதான் ஒடைஞ்சுது. 'பேச்சி, இந்த வண்டி லேசுல வீடு போயிச் சேராது போலிருக்கே'ன்னாரு. அதான் எனக்கு நல்லா ஞாவகம் இருக்கு."

"அந்த வண்டியைத் திரும்பப் பார்த்தா அடையாளம் சொல்லுவேளா?"

பேச்சி, தேங்காயை ஆட்டுவதை நிறுத்தினாள். இவர்கள் இரண்டு பேருக்கும் புத்தி சரியாக இருக்கிறதா என்பதுபோல் பார்த்தாள்.

"திரும்பப் பாக்கணுமா? இந்தா நிக்குல்லா! நீங்க வந்து எறங்குன வண்டிதானம்மா அது!"

பகவதிப்பெருமாள் திரும்பிப் பார்த்தான். சாம்பல் பண்டாரம் ஒன்றும் தெரியாததுபோல் நின்றுகொண்டிருந்தது. அவன் சாவியைப் பார்த்தான். மறுபடி வண்டியைப் பார்த்தான். 

"மாமி... அப்பம் நாம திருட்டு வண்டியத் தேடி திருட்டு வண்டியிலயே..."

"வந்திருக்கோம். நீர் ஓட்டிண்டு வந்திருக்கீர்."

"போலீஸ்காரன் வேற பாத்துட்டானே மாமி! இனி எம்மேலயும் கேஸ் வருமா?"

"பேச்சி, ஒரு நல்ல காயா எடு. இந்த வண்டி இன்னைக்கு வீடு போய்ச் சேரணும்" என்றாள் அனந்தலக்ஷ்மி.

இந்தத் தடவை ஒரே வீச்சில் உடைந்தது.

திரும்பும் வழியில் அவள் விளக்கினாள். பகவதிப்பெருமாள் இரண்டு தடவை ஆட்டோவில் இடிக்கப் பார்த்தான்.

"பெயிண்ட் டின் தொறக்கலைன்னா என்ன அர்த்தம்? பத்மகுமாருக்கு அது திருட்டுக்குச் சாட்சி. எனக்கு அது, வண்டி வெள்ளையா இல்லைங்கறதுக்குச் சாட்சி. எந்த மேஸ்திரியும் ஓட்டிப் பார்க்காம கடைசிப் பெயிண்ட் அடிக்க மாட்டான். எஞ்சினை மறுபடி இறக்க வேண்டி வந்தா பெயிண்ட் பாழாப் போயிடும். ஐயப்பன் வழக்கம்போல அடிப்பூச்சு பிரைமரோட ட்ரையல் எடுத்தார். ஆனா மருமகப் பிள்ளை கட்டத்துல பெயிண்ட்தான் முதல்ல. பெயிண்ட் பச்சையாகாம ட்ரையல் தொறக்கலை. சிவப்பு கண்ணை உறுத்தித்து, முதலாளி சீட்டு எழுதினார்."

"சரி, ட்ரையல் நாலு மாசமாவா?"

"ஐந்நூறு கிலோமீட்டர் மீட்டர்ல ஏறணும். மீட்டருக்குப் போற கேபிள் எங்கே? எட்டாவது கட்டம், சில்லறைச் சாமான் மாட்டறது. இதோ என் பக்கத்துல பெட்டியில படுத்துண்டிருக்கு, ஜன்னல் கைப்பிடியும் கூடவே. ஏழு முடியாம எட்டு தொறக்காது. எட்டு தொறக்காம ஏழு முடியாது. நம்ம காலம் முழுக்க ஓடினாலும் பூஜ்யம்தான்."

"நாசமாப் போச்சு! ஆனா ஐயப்பன் ஏன் வாயத் தொறக்கல?"

"அவரைக் கேட்டது வெள்ளை அம்பாசடர். ஷெட்டுல வெள்ளை அம்பாசடர் இல்லை. உண்மையைத்தானே எழுதினார்? கேள்வியும் சீட்டுல, பதிலும் சீட்டுல. ஒருத்தராவது நேர்ல போய் 'அந்த டீச்சர் வண்டி எங்கே'ன்னு வாயால கேட்டாளோ?"

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பத்மா மோட்டார்ஸுக்குள் நுழைந்தார்கள். நெய்யாற்றின்கரை லாரியும் ஐயப்பனும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்கள். அனந்தலக்ஷ்மி கண்ணாடி அறைக் கதவை அகலத் திறந்து வைத்தாள். ஏ.சி. குளிர் போன திக்குத் தெரியாமல் போயிற்று.

"வண்டி கெடைச்சாச்சு. வெளியில வந்து பாருங்கோ."

பத்மகுமார் நாலு மாசத்தில் முதல் தடவையாக ஷெட்டு முற்றத்தில் இறங்கினார். வெயிலில் கண் கூசியது. பின்னால் ஸ்வப்னா, தங்கபாய் டீச்சர், ஐயப்பன்.

"எவ்விடெ வண்டி? இது நம்ம ஒர்க்‌ஷாப் வண்டியல்லே?"

"ஒர்க்‌ஷாப்புக்குன்னு ஒரு வண்டி இருக்கறதா உங்க கம்ப்யூட்டர்ல எங்கேயாவது இருக்கோ?"

அவர் ஸ்வப்னாவைப் பார்த்தார். ஸ்வப்னா இல்லை என்று தலையாட்டினாள்.

"முதலாளிதானே சீட்டு எழுதினது, பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கொண்டுவிட ஒரு வண்டி அனுப்புன்னு?" என்றார் ஐயப்பன் அப்பாவியாக. "ஞான் ட்ரையல் வண்டியை விட்டேன். எப்படியும் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடணுமில்லே? ரெண்டு காரியமும் ஒண்ணா நடக்கும்."

"வெள்ளையல்லே டீச்சர் வண்டி!"

"வெள்ளைதான். நாம அடிச்சா."

பத்மகுமாரின் முகம் சுருங்கியது. ஆனாலும் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. "இதுதான் டீச்சர் வண்டின்னு என்ன தெளிவு? நம்பர் பிளேட் இல்ல, ஒண்ணும் இல்ல."

"உட்கார்ந்து பாருங்கோ, தெரியும்." அனந்தலக்ஷ்மி பின்பக்க இடது கதவைத் திறந்து பிடித்தாள். பத்மகுமார் பெட்டிகளுக்குப் பக்கத்தில் தம் கட்டி ஏறி உட்கார்ந்தார். அவள் கதவைச் சாத்தினாள்.

பிறகு கைப்பையிலிருந்து ஜாப் கார்டை எடுத்தாள். "டீச்சர், பதினாலு மாசம் முன்னாடி இந்த வண்டியை எதுக்குக் கொண்டு வந்தேள்?"

"அதத்தானே நான் காலையில இருந்து சொல்லுகேன், ஒருத்தராவது கேட்டாத்தானே!" தங்கபாய் டீச்சர் குடையால் தரையைக் குத்தினாள். "பின்பக்கம் இடது கதவு உள்ளேயிருந்து தொறக்காது. அத மட்டும் சரியாக்கித் தாங்கன்னு கொண்டு விட்டேன். அதுக்குப் பெறவு எஞ்சினுன்னான், கியருன்னான், எனக்க வண்டிய எலும்பு எலும்பா எடுத்துட்டான்."

"ஜாப் கார்டுல முதல் வரியே அதுதான். கட்டம் ஒண்ணு, கம்ப்ளைண்ட். எழுதின உடனே அதுவும் பச்சை ஆயிடுத்து, எழுதறதுதான் அந்தக் கட்டமே."

எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள். உள்ளே பத்மகுமார் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். தோளால் இடித்தார். ஜன்னலை இறக்கத் தேடினார், இறக்க ஒன்றுமில்லை. வலது பக்கம் எட்டாவது கட்டம் கூரை வரைக்கும் இருந்தது. முன்சீட்டைத் தாண்டிக் குதிக்க அவர் வயிறு சம்மதிக்கவில்லை. வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை.

"இதுக்கு மேல தெளிவு வேணுமா மாமி? டீச்சர் வண்டியேதான்" என்றான் பகவதிப்பெருமாள்.

சொல்லி வைத்த மாதிரி நாலு மணிக்கு ஜீப் வந்தது. எஸ்.ஐ. இறங்கினார். ஸ்வப்னா பழுப்புக் கவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். 

"ஆராணு கள்ளன்?"

அனந்தலக்ஷ்மி கார் ஜன்னலைக் காட்டினாள். பிறகு கண்ணாடிக்கு அருகே குனிந்து, விரலால் எழுதுவதுபோல் சைகை செய்தாள். "உங்க வழக்கப்படியே சொல்லுங்கோ. சீட்டுல."

உள்ளே பத்மகுமார் விழித்தார். எஸ்.ஐ.யைப் பார்த்தார், ஸ்வப்னாவைப் பார்த்தார். அவர் கழுத்து வழியாக வியர்வை வழிந்தது. கடைசியில் சட்டைப் பையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். எழுதினார். கிழித்துக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார்.

எஸ்.ஐ. குனிந்து வாசித்தார். "'புகார் இல்லை. கார் கிடைத்துவிட்டது.'"

"போதாது" என்று அனந்தலக்ஷ்மி தலையாட்டினாள்.

இரண்டாவது சீட்டு ஒட்டியது. "'காரைத் தினமும் எடுத்தது நான்.'"

"இன்னும் ஒண்ணு பாக்கி."

மூன்றாவது சீட்டுக்கு வெகுநேரம் பிடித்தது. அவர் இரண்டு தடவை பேனாவை எடுத்து, இரண்டு தடவை வைத்தார். சீட்டு கண்ணாடிக்கு வந்தபோது எஸ்.ஐ. வாசிக்கவில்லை. விலகி நின்று ஸ்வப்னாவுக்கு இடம் விட்டார்.

'ஆறாவது கட்டத்தைப் பச்சையாக்கச் சொன்னது நான். ஸ்வப்னா மேல் ஒரு தப்பும் இல்லை.'

ஸ்வப்னா அதை வாசித்தாள். திரும்ப வாசித்தாள். கையைக் கதவுக் கைப்பிடியில் வைத்தாள். ஆனால் திறக்கவில்லை.

"சார், கையெழுத்து இல்ல" என்றாள். கண்ணில் நீர் நிறைந்திருந்தது, குரல் மட்டும் ஆபீஸ் குரலாக இருந்தது. "கையெழுத்து இல்லாத சீட்டை எடுக்கப்படாதுன்னு சார்தானே சொன்னது."

அவர் கையெழுத்துப் போட்டார், தேதியும் போட்டார். ஸ்வப்னா கதவைத் திறந்தாள், சீட்டை வாங்கினாள். திருப்பிக் கொடுக்கவில்லை. நாலாய் மடித்து மெமோ இருந்த கவருக்குள் வைத்துக்கொண்டாள். எஸ்.ஐ. சிரிப்பை மீசைக்குள் அடக்கியபடி ஜீப்பில் ஏறினார்.

தங்கபாய் டீச்சர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். "சாம்பலா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். இன்னொரு கட்டத்துக்கு நான் உயிரோட இருக்க மாட்டேன். ஐயப்பா, அந்தக் கதவ நோக்கு." ஐயப்பன் ஸ்க்ரூ டிரைவரோடு மூன்று நிமிஷம் குனிந்திருந்தார். கதவு உள்ளிருந்து திறந்தது.

பத்மகுமார் வேஷ்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே கேட்டார்: "நாளைக்கு... வருவியா மோளே?"

"சர்க்கார் ஆர்டர் வர்றது வரைக்கும் வருவேன் சார். ஆனா ஷெட்டுக்குப் போயிப் பாத்துட்டுத்தான் பச்சையாக்குவேன்."

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஆயில் தேங்கிக் கிடந்த ஷெட்டுக்குள் முதல் தடவையாக நடந்து போனாள். உள்ளே அவள் குரல் கேட்டது. "இந்தச் சார் சொன்னது ஹார்ன்தானே? ஹார்னை மட்டும் பாருங்க சேட்டா!"

இரண்டு நிமிஷத்தில் ஹார்ன் அடித்தது. கரமனைப் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். பகவதிப்பெருமாளுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

"பாத்தியளா மாமி! நம்ம வண்டி சரியாயிட்டு. வாங்க, போவோம்."

"போகலாம். ஆனா எஞ்சின் இன்னும் சாக்கு மேலதான் இருக்கு. தம்பானூர் பஸ் வரது பாரும், கையைக் காட்டும்" என்றாள் அனந்தலக்ஷ்மி.